சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எந்த வழியாகப் போவது?

சாங்கியிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் 15,340 கிலோமீட்டர் என்று பதில் வரும். தளத்துக்குத் தளம் பத்துக் கிலோமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்குக் கீழேயே ‘பறக்கும் நேரம் பதினேழரை மணி’ என்பதுபோல இன்னோர் எண் இருக்கும். முதல் எண் சரி. இரண்டாவதை நம்பி யாரையும் விமான நிலையத்துக்கு அழைத்துப்போக வரச் சொல்லிவிடாதீர்கள். தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் கிடைக்கும் கணக்கு அது. எந்த விமானத்தின் அட்டவணையும் அதில் இல்லை. அட்டவணைப்படி நேரடி விமானத்துக்கே பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இடையில் ஓர் ஊரில் இறங்கி ஏறினால் இருபத்திரண்டு மணியிலிருந்து முப்பதைத் தாண்டியும் போகலாம்.

ஆக, டிக்கெட் எடுக்க உட்காருகிறவர் முன்னால் இருப்பது தூரக் கேள்வி அல்ல. நேரடியாகப் போவதா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா, டோக்கியோ வழியா, ஹாங்காங், வளைகுடா, சான் ஃபிரான்சிஸ்கோ வழியா? இறங்குவது ஜேஎஃப்கேயிலா, பக்கத்து நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவார்க் விமான நிலையத்திலா? போன வழியிலேயே திரும்புவதா? இவற்றைத்தான் பார்க்கப்போகிறோம். ஆனாலும் தூரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லா ஊரும் போகிற வழியில்தான்

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையை ஒட்டி இருக்கிறது. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையை ஒட்டி. கூட்டினால் 178. உலகைச் சுற்றிவர 360 பாகை என்றால் இந்த இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன என்று பொருள். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் இது புலப்படாது. உலக உருண்டையில் ஒரு நூலைச் சிங்கப்பூரில் வைத்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடித்தால், நூல் கிழக்கும் போகாது, மேற்கும் போகாது. சீனா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏறி, வட துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடந்து, கனடா வழியாக மறுபக்கம் இறங்கும். 15,340 கிலோமீட்டர் என்பது அந்த நூலின் நீளம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், இந்த இரண்டு ஊர்களுக்கு இடையே எந்தப் பக்கம் திரும்பிப் போனாலும் சுற்று அதிகமாக விழுவதில்லை. ஹாங்காங்கில் இறங்கிப் போனால் மொத்தத் தூரம் சுமார் 15,540 கிலோமீட்டர், வெறும் 200 கிலோமீட்டர் கூடுதல். தைப்பே வழியாக 15,770. டோக்கியோ வழியாகச் சுமார் 16,200. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 16,470. துபாய் வழியாக 16,850. சான் ஃபிரான்சிஸ்கோ வழி மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, 17,740. முதல் ஐந்து வழிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் மொத்தமே 1,300 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு அது ஒன்றரை மணி நேரம்.

ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்றால், பயணத் தளங்களில் அந்தந்த வழிகளின் மொத்த நேரம் ஐந்து, எட்டு, பன்னிரண்டு மணி என்று ஏன் விலகுகிறது? மூன்று காரணங்கள்: காற்று, மூடிய வான்வெளி, தரையில் காத்திருக்கும் நேரம். தூரத்தைக் காட்டும் கணிப்பான்களில் இந்த மூன்றுமே வருவதில்லை.

காற்றுக்கு ஒரே திசை

பூமியின் நடு அட்சரேகைகளில், சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றோட்டம் ஒன்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். விமானங்களும் அதே உயரத்தில்தான் பறக்கின்றன. கிழக்கே போகிறவர்களைத் தள்ளிவிடும், மேற்கே போகிறவர்களைத் தடுக்கும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஏழு மணி நேரத்தை ஒட்டி ஆகும். புயல் ஒன்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம்.

சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளும் விதம் அழகானது. போகும்போது பெரும்பாலும் ஜப்பானை ஒட்டி, வட பசிபிக் மேலே, அலாஸ்கா பக்கமாகக் கிழக்கு நோக்கிப் பறக்கும். திரும்பும்போது வந்த வழியே வராமல், பல நாட்கள் அட்லாண்டிக் மேலே, ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே வரும். போய்த் திரும்பினால் உலகையே ஒருமுறை சுற்றிவிட்டோம் என்று ஆகும். எந்த நாளில் எந்தப் பாதை என்பதை அன்றைய காற்றைப் பார்த்து முடிவுசெய்வார்கள். 2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூவார்க் சேவையை மீண்டும் தொடங்கியபோது அறிவித்த தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். நூல் பிடித்த தூரத்தைவிட 1,300 கிலோமீட்டருக்கு மேல் அதிகம். கூடுதலாகப் பறந்தாலும் காற்று கைகொடுப்பதால் அதுவே சிக்கனம்.

இடையில் இறங்கிப் போகிறவர்களும் இதையே பின்பற்றலாம். டோக்கியோவிலிருந்து நியூயார்க் போக ஏறத்தாழ பன்னிரண்டரை, பதின்மூன்று மணி நேரம். அதே வழியில் திரும்பி வரப் பதினான்கைத் தாண்டும். துபாய் வழியில் இது தலைகீழ்: நியூயார்க் போகப் பதினான்கு மணி நேரம், திரும்பப் பன்னிரண்டரை. ஆக, போகும்போது டோக்கியோ, திரும்பும்போது ஐரோப்பாவோ வளைகுடாவோ என்று அமைத்தால் இரண்டு முறையும் காற்று உங்கள் பக்கம். ஒரே நிறுவனத்தில் இப்படி டிக்கெட் கிடைப்பது அரிது. கூட்டணி நிறுவனங்களைச் சேர்த்து ஒரே டிக்கெட்டாகத் தேடினால் சில நேரம் அமையும். அமையவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம், மிச்சமாவது ஒன்றரை மணி நேரம்தான். அதற்காகத் தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

மூடிய வான்வெளியும் இப்போது பெரிய விஷயமாகிவிட்டது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாட்டு விமானங்கள் ரஷ்யாவின் மேலே பறக்க முடியாமல் போனது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர் விமானங்கள் துருவத்தைச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டிவந்தது. இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் அப்படியேதான் இருக்கிறது, பயண நேரம் மூன்றரை மணி கூடிவிட்டது. மேற்கு ஆசியாவும் அப்படித்தான். 2025 ஜூன் 23-ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் நடுவழியில் திரும்பவோ வேறு ஊர்களில் இறங்கவோ நேர்ந்தது. வளைகுடா வழியை எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும்.

நேரடி விமானம்: என்ன கிடைக்கிறது, எதை விடுகிறோம்

இடையில் நிற்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் உலகிலேயே மிக நீண்டது இதுதான். 2004-ல் முதலில் தொடங்கியபோது நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 பறந்தது. நான்கு எஞ்சினும் குடித்த எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்திவிட்டார்கள். மிக நீண்ட தூரம் பறப்பதற்கான இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் வந்த பிறகு 2018 அக்டோபரில் நியூவார்க்குக்கும், 2020 நவம்பரில் ஜேஎஃப்கேவுக்கும் பறக்கத் தொடங்கினார்கள். இந்த விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் ஏற்றும். சாதாரண ஏ350-900-ஐவிட இது 24,000 லிட்டர் அதிகம்.

அவ்வளவு எரிபொருளைச் சுமக்க வேண்டுமானால் வேறு எதையாவது குறைத்தாக வேண்டும். குறைத்தது இருக்கைகளை. யூஎல்ஆர் விமானத்தில் 161 இடங்கள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. நேரடி விமானம் விலை அதிகமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், நீங்கள் ஒப்பிடுவது எகானமியையும் பிரீமியம் எகானமியையும். டோக்கியோ வழியாகவும் பிரீமியம் எகானமி விலையைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள், இடைவெளி கணிசமாகச் சுருங்கும். எகானமி போதும் என்கிறவருக்கு நேரடி விமானம் ஒரு தேர்வே அல்ல, அவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.

விலை வித்தியாசத்தை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. நேரடி விலையிலிருந்து மற்றதன் விலையைக் கழித்து, மிச்சமாகும் மணி நேரத்தால் வகுத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும். கம்பெனி பணத்தில் போகிறவர், இறங்கிய அன்றே கூட்டத்தில் உட்கார வேண்டியவர், அந்தத் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். விடுமுறைக்குப் போகும் நான்கு பேர் குடும்பத்துக்கு அதே தொகையை நான்கால் பெருக்க வேண்டும், அப்போது கதை மாறும்.

நேரடி விமானத்தில் உடம்புக்குச் சில அனுகூலங்கள் உண்டு. ஏ350-ன் உள்ளே காற்றழுத்தம் சுமார் 1,800 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது 2,400 மீட்டர். உள்ளே ஈரப்பதமும் சற்று அதிகம். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதாகப் பலர் சொல்வது இதனால்தான். ஆனால் பதினெட்டு மணி நேரம் ஒரே இருக்கை என்பதற்கு மாற்று கிடையாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. பயப்படத் தேவையில்லை. ஆரோக்கியமானவர்களில் நான்கு மணி நேரத்தைத் தாண்டிய பறப்பு ஒன்றுக்கு ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் அது இருக்கிறது. ஆனாலும் ஏற்கெனவே இந்தத் தொல்லை வந்தவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. நடு இருக்கையை மட்டும் யாரும் வாங்காதீர்கள்.

எங்கே வெட்டுவது

இடைநிறுத்தம் வேண்டும் என்று முடிவான பிறகு எல்லாரும் கேட்பது, எத்தனை மணி நேரக் காத்திருப்பு என்று. அதைவிட முக்கியமான கேள்வி, அந்த ஊர் பயணத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது. ஹாங்காங் கிலோமீட்டர் கணக்கில் முதல் பரிசு வாங்கும். ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் நான்கு மணி நேரம்தான். ஒரு சாப்பாடு முடிவதற்குள் இறக்கிவிடுவார்கள். அதன் பிறகு பதினைந்து, பதினாறு மணி நேரம் ஒரே ஓட்டம். நேரடி விமானத்தின் அலுப்பில் பெரும்பகுதி மிச்சம் இருக்கிறது, மேற்கொண்டு ஓர் இறக்கமும் ஏற்றமும். இதில் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை, விலை மிகக் குறைவாக இருந்தால் ஒழிய. தைப்பேயும் ஏறக்குறைய அப்படித்தான்.

டோக்கியோ மூன்றில் ஒரு பங்கில் வெட்டுகிறது. ஏழு மணி நேரம், பிறகு பதின்மூன்று. இரண்டு மணி நேர இடைவெளியில் தொடர்விமானம் அமைந்தால் மொத்தம் இருபத்திரண்டு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். நேரடியைவிட மூன்று, மூன்றரை மணி நேரம்தான் அதிகம். எகானமி இருக்கையும் உண்டு. சொந்தப் பணத்தில் நியூயார்க் போகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். ஒரே ஒரு பள்ளம் இருக்கிறது: டோக்கியோவில் ஹனேடா, நரிட்டா என்று இரண்டு விமான நிலையங்கள். சில மலிவான டிக்கெட்டுகள் ஒன்றில் இறக்கி மற்றதில் ஏறச் சொல்லும். அப்படியானால் ஜப்பானுக்குள் நுழைந்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்திலோ ரயிலிலோ போக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதற்கு ஜப்பான் விசாவும் எடுக்க வேண்டியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விமானத்துக்கும் ஒரே நிலையக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் வேறு ரகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சேவை ஒன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று, அதே விமான எண்ணில் ஜேஎஃப்கே போகிறது. வழக்கமாக நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, காலையில் ஜெர்மனியில் இறங்குகிறது. பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் முதல் பாதி, எட்டரை, ஒன்பது மணி நேரம் இரண்டாம் பாதி. மொத்தம் இருபத்து நான்கு, இருபத்தைந்து மணி. எண்ணில் டோக்கியோவிடம் தோற்கிறது. ஆனால் ஓர் இரவு முழுக்கத் தூங்கிவிட்டு இறங்கி, கால் நீட்டி நடந்து, முகம் கழுவிக்கொண்டு, பகலில் மீதியைப் பறப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் எல்லாரும் கைப்பையோடு இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். ‘அதே விமானம்தானே, உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம்’ என்று நினைக்காதீர்கள். தொடர்விமானம் போய்விடுமோ என்ற பதற்றம் மட்டும் இருக்காது, ஏனென்றால் தொடர்விமானமும் இதுவே.

வளைகுடாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. துபாயும் தோஹாவும் மூன்றில் ஒரு பங்கில் வெட்டுகின்றன, விலை பல நேரம் நன்றாக இருக்கும், காத்திருப்பு அட்டவணையைப் பொறுத்தது. போகும்போது எதிர்காற்று. அபுதாபிக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு: அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடித்துவிடலாம். நியூயார்க்கில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். ஜேஎஃப்கேயில் நீண்ட வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சான் ஃபிரான்சிஸ்கோ வழி வேண்டாம். தூரமும் அதிகம், அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் நிலையத்திலேயே குடிநுழைவு, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் முடித்து, பெட்டியை மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையில் மீண்டும் நிற்க வேண்டும். அந்த ஊரில் பார்க்க வேண்டிய மகளோ மருமகனோ இருந்தால் தங்கிப் போவது தனிக் கதை.

எந்த வழியானாலும் இரண்டு விமானமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது நிறுவனத்தின்மேல் விழும். பெட்டியும் கடைசி ஊர் வரை போகும். தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டில், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். முன்னே சொன்ன ‘போகும்போது கிழக்கு, வரும்போதும் கிழக்கு’ யோசனைக்காகத் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

அம்மா அப்பாவை அனுப்பும்போது

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் விஷயத்தில் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நேராகப் பொருந்தாது. முழங்கால் வலிக்காரருக்கு இடையில் இறங்கி நடப்பது நல்லது என்று உடம்பு சொல்லும். ஆங்கிலம் சரளமாக வராதவர், அறிமுகமில்லாத நிலையத்தில் ‘வாயில் மாறிவிட்டது’ என்ற அறிவிப்பைத் தவறவிடுவாரே என்று மனசு சொல்லும். என் கணிப்பில் இரண்டாவது பயம்தான் வெல்ல வேண்டும். தனியாகப் போகும் பெற்றோருக்குப் பணம் இடம் கொடுத்தால் நேரடி விமானம். அதில் தவறிப்போவதற்கு இடமே இல்லை. ஏற்றிவிட ஓர் ஊரில் ஒருவர், இறக்கிக்கொள்ள இன்னோர் ஊரில் ஒருவர், நடுவில் எழுந்து நடக்க நடைபாதை இருக்கை.

பணம் இடம் கொடுக்காவிட்டால் அடுத்தது ஃபிராங்க்ஃபர்ட் சேவை. ஒரே நிறுவனம், ஒரே விமான எண், கூட இறங்குகிற கூட்டத்தோடு நடந்து கூட்டத்தோடு ஏறிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் முன்பதிவின்போதே சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவரும் கேட்கலாம். நாற்காலியைத் தள்ளுகிறவர் வாயில் வரை கொண்டுபோய் விடுவார், வழி தேடும் வேலை இல்லை. இடைவழி ஊரில் வெளியே வராவிட்டாலும் கடவுச்சீட்டைப் பொறுத்துப் போக்குவரத்து விசா கேட்கும் நாடுகள் உண்டு. பெற்றோரின் கடவுச்சீட்டு இந்தியாவுடையது, உங்களுடையது சிங்கப்பூருடையது என்றால் இருவருக்கும் விதி ஒன்றாக இருக்காது. அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜேஎஃப்கேயா, நியூவார்க்கா

இரண்டுக்கும் நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் தூர வித்தியாசம் சில கிலோமீட்டர்தான், பறக்கும் நேரத்தில் தெரியவே தெரியாது. ஆனால் தவறான நிலையத்தில் இறங்கினால், பதினெட்டு மணி நேரப் பயணத்தின் முடிவில் மன்ஹாட்டன் நெரிசலைக் குறுக்கே கடந்து இன்னும் இரண்டு மணி நேரம் காரில் உட்கார வேண்டிவரும். மேலே மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும்.

போகிற வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதே கேள்வி. நியூ ஜெர்சியில் எடிசன், ஐசலின் பக்கம் என்றால் நியூவார்க், யோசனையே வேண்டாம். நியூவார்க் நிலையத்தின் ஏர்டிரெயின் ஏறினால் நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில் நிற்கும் நிலையத்தில் விடும். அதே தடத்தில்தான் மெட்ரோபார்க்கும் எடிசனும் இருக்கின்றன. குவீன்ஸ், லாங் ஐலண்ட் என்றால் ஜேஎஃப்கே. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலும் அந்தப் பக்கம்தான், கோயில் கேன்டீன் தோசைக்காகவே ஒரு நடை போகிறவர்கள் உண்டு. மன்ஹாட்டன் என்றால் இரண்டும் சமம் என்று சொல்லலாம். ஜேஎஃப்கேயிலிருந்து ஏர்டிரெயினில் ஜமைக்கா நிலையம் போய் லாங் ஐலண்ட் ரயிலில் பென் ஸ்டேஷனோ கிராண்ட் சென்ட்ரலோ போகலாம். நியூவார்க்கிலிருந்து வரும் ரயிலும் பென் ஸ்டேஷனுக்கே வருகிறது. நான்கு பெட்டிகளோடு இந்த ரயில் யோசனை நடைமுறைக்கு ஒத்துவராது, அப்போது வாடகைக் காருக்கு எந்த நிலையம் பக்கம் என்று மட்டும் பாருங்கள்.

நாள்காட்டியில் ஒரு சிக்கல்

மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் சிங்கப்பூரைவிடச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும். கடிகாரத்தைத் திருத்தவே வேண்டாம், காலையை இரவாக நினைத்துக்கொண்டால் போதும். மற்ற மாதங்களில் பதின்மூன்று மணி நேரம். இந்த அளவு வித்தியாசத்தில் உடம்பு சமநிலைக்கு வர, நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற பொதுக் கணக்கில் பார்த்தால் பத்து நாளுக்கு மேல் ஆகும். எந்த வழியாகப் போனாலும் இதில் மாற்றம் இல்லை. நேரடி விமானத்தில் போனால் ஜெட்லாக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அலுப்புதான் குறையும்.

போகும்போது தேதி நமக்கு லாபம். இரவு புறப்பட்டால் மறுநாள் காலைக்குள் நியூயார்க்கில் இருக்கலாம். கெடுபிடி எல்லாம் திரும்பும்போதுதான். கோடையில் வெள்ளி இரவு பத்து மணிக்கு நியூயார்க்கில் நேரடி விமானம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது சிங்கப்பூரில் சனி காலை பத்து. பதினெட்டு மணி நாற்பது நிமிடம் பறந்து இறங்கும்போது ஞாயிறு விடியற்காலை நாலு நாற்பது ஆகியிருக்கும். சனிக்கிழமை முழுக்க வானத்தில் போய்விட்டது. வெள்ளி நண்பகலில் புறப்படும் டோக்கியோ விமானத்தைப் பிடித்தால், எதிர்காற்றில் பதினான்கு மணி நேரம், டோக்கியோவில் இரண்டு மணி, பிறகு ஏழேகால் என்று எல்லாம் சேர்ந்தும் சனி இரவு பதினொன்றேகாலுக்குச் சாங்கியில் இறங்கிவிடலாம். மெதுவான வழி, ஆனால் ஞாயிறு முழுவதும் தூங்கி எழ நேரம் கிடைக்கும். அதற்கு வெள்ளிக்கிழமை விடுப்பு வேண்டும். திங்கள் காலை வேலைக்குப் போகிறவர் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, பறக்கும் நேரத்தைப் பார்க்காமல் இறங்கும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்கட்டும்.